மல்லிக்கு அடித்த மருந்து

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் காய்க்கு ஒரு இடம், பூவுக்கு ஒரு இடம் என்று பிரிக்க வசதி கிடையாது. கடலூரில் ஒரு சின்ன மனையில் வீட்டைக் கட்டியது போக மிஞ்சிய துண்டு நிலம் அது. தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி, அவரைப் பந்தலின் காலைச் சுற்றிச் சங்குப்பூ, கீரைப் பாத்தியை ஒட்டி நான்கு குண்டுமல்லிச் செடிகள். கீரைக்கு விடுகிற தண்ணீரே மல்லிக்கும் போய்ச் சேரும். இது என் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதுமே ஆசை அதிகம். எங்கள் தோட்டத்தில் ஒரு சொட்டு மருந்து கிடையாது என்பதை ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சொல்வேன். யாராவது கடையில் வாங்கிய காலிஃபிளவரைச் சமைத்துக் கொண்டுவந்தால், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அதில் என்னென்ன தெளித்திருப்பார்கள் என்று விளக்குவேன். பாவம், இரண்டு பேர் காலிஃபிளவர் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள்.

அக்கா சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் பெண்ணையும் அதே ஊரில்தான் கொடுத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தபோது, ஜடைக்கு வேண்டிய மல்லி மொட்டு முழுக்க என் தோட்டத்திலிருந்துதான் என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

வளைகாப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மல்லியில் புழு விழுந்தது. மொட்டெல்லாம் ஊதா நிறமாகி, ஓட்டை விழுந்து உதிர்ந்தது. வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன், பூண்டு அரைத்து அடித்தேன். புழுவுக்கு அதெல்லாம் பிடித்திருந்தது போல. கடைசியில், தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒரு பூச்சிமருந்துக் கடையாகத் தேடிப்போய் ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். மல்லிக்கு என்றேன். பூதானே, யார் தின்னப்போகிறார்கள் என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்த ஒரு சாயங்காலம் அடித்தேன். பக்கத்துக் கீரையின்மேல் ஒரு பழைய புடவையை மூடினேன். அது பாதிப் பாத்திக்குத்தான் எட்டியது. காற்று வேறு. சரி, இந்தக் கீரையைத் தொடாமல் விட்டு, பிறகு பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பாட்டிலைக் காலி பெயின்ட் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆயுசுக்கும் கிண்டல் செய்வார் என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஆபீஸிலிருந்து திரும்பியபோது பாத்தி மொட்டையாக இருந்தது. அவருக்கு அன்றைக்குச் சிதம்பரத்தில் ஒரு வேலை. அக்கா பெண்ணுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, கீரை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, காலையிலேயே மொத்தத்தையும் அறுத்து அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னார்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அப்போதும் வாயில் உண்மை வரவில்லை. பூனை அந்தப் பாத்தியில் அசிங்கம் பண்ணிவிட்டது, கீரையைத் தூக்கிப் போட்டுவிடு என்றேன்.

"மத்தியானமே கடைஞ்சி போட்டுட்டன்டி. இத்தினி நாளா ரெண்டு வாய்க்கு மேல எறங்காம இருந்தவ, இன்னிக்கு ரெண்டாவது தபா சோறு கேட்டு சாப்ட்டா" என்றாள் அக்கா. சந்தோஷத்தில் அவள் குரல் கம்மியது.

அந்த நிமிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். பாட்டிலில் மஞ்சள் முக்கோணமும் அதோடு விஷம் என்ற எச்சரிக்கையும் இருந்தன. அதைப் படித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வயிற்றுப் பிள்ளையைவிட என் பெருமை எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வளைகாப்பன்று ஜடை பிரமாதமாக அமைந்தது. மருந்தே அடிக்காத பூ என்று அக்கா என்னைக் காட்டி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் பெண்ணின் பக்கத்தில் போய், பிள்ளை நன்றாக அசைகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். என்ன சித்தி இத்தனை அக்கறை என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையன் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தான். செய்தி வந்ததும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு தோட்டத்தில் எந்த மருந்தும் அடித்ததில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் அக்கா பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலூர் வந்திருந்தாள். இப்போது அவனுக்குச் சோற்றோடு கீரை மசித்துக் கொடுக்கிறாள். மடியில் அவனை வைத்துக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்து அவளே கீரை கிள்ளினாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கடக் கீர இவனுக்குக் குடுக்கவே பயமா இருக்கு சித்தி. உங்க வீட்டுதுன்னா அலசாமகூட போட்டுடுவேன்" என்றாள்.

பிள்ளை ஒரு தண்டை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். என்னை அறியாமல் அதை வெடுக்கென்று பிடுங்கினேன். அவன் வீறிட்டு அழுதான். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"ஏன் சித்தி? நம்ம கீரதான?"

பிடுங்கிய தண்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"மண்ணு இருக்கும்" என்றேன்.