நோன்புத் தட்டில் எட்டுக் கயிறு

ஆரணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு விடுமுறை. தறிக்கு அமாவாசை, எனக்கு ஞாயிறு. அமாவாசை முன்னோர் வைத்தது. ஞாயிறு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் யோசித்ததில்லை. பல தலைமுறைக்கு முன்னால் வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய பள்ளி ஒன்றில் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தையும் எட்டாவது வரை அங்கேதான் படித்தவள். கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் இறந்ததும் எங்களோடு வந்துவிட்டாள். பகலெல்லாம் தறிகளுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவாள்.

என்னைச் சேர்த்துவிட்ட அன்று பெரியப்பா பள்ளி வாசலிலேயே ஒரு நிபந்தனை போட்டார். "பாடத்த மட்டும் வூட்டுக்கு எடுத்துகினு வா. அவங்க சாமிய அங்கியே வுட்டுட்டு வந்துடணும், இன்னா?"

நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் வேதபாட வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மதத்துப் பிள்ளையானாலும் ஆளுக்கு ஒரு வசனம் தானே வாசிக்க வேண்டும். எதைச் சொன்னாலும் டீச்சர் விடமாட்டார். "எங்க எழுதியிருக்கு? விரல வச்சுக் காட்டு" என்பார். அவரே சொன்னதாக இருந்தாலும் சரி, புத்தகத்தில் இருந்தால்தான் செல்லும்.

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு துறவி, குருமார் சொன்னால் மட்டும் போதாது, வேதத்தை அவரவர் தம் மொழியில் தாமே படிக்க வேண்டும் என்று சண்டை பிடித்ததைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் வழியில் வந்தவர்கள்தான் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்தார்களாம். படிக்க எழுத்து தெரிய வேண்டுமே என்று பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார்களாம். அந்தச் சண்டையின் வால் நீண்டு நீண்டு ஆரணியில் என் விரல் நுனியில் வந்து முடிந்திருக்கிறது. சாமியைப் பள்ளியில் விட்டுவிட்டேன், விரல் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டில் என் தொல்லை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே என்றால் எங்கே எழுதியிருக்கிறது என்பேன். "இவளோட ஒரே பேஜாரா போச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் தீபாவளி அமாவாசைக்கு வழக்கம்போல நோன்பு. இருபத்தோரு இழை, இருபத்தோரு முடிச்சு போட்ட நோன்புக் கயிறுகளை அத்தைதான் முறுக்கினாள். நூல் அவள் கை சொன்னபடி கேட்கும். மஞ்சள் மட்டும் அம்மா தடவினாள். தட்டில் எண்ணிப் பார்த்தேன். எட்டு. வீட்டில் நாங்கள் ஒன்பது பேர்.

"பெரியப்பா, அத்தைக்குக் கயிறு இல்லியா?"

"அவ கட்டக் கூடாது. கட்டிகினவன் போய்ட்டா கயிறு கெடையாது. பொஸ்தகத்துலயே அப்பிடித்தான் போட்டுகீது."

கயிறு முறுக்கலாம், கட்டிக்கொள்ளக் கூடாது. எனக்கு அத்தையை நினைத்து அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக, புத்தகத்தில் போட்டிருக்கிறதாமே என்று விரல் துறுதுறுத்தது. வருஷா வருஷம் பெரியப்பா நோன்புக் கதை வாசிக்கும் அந்த ஒல்லிப் புத்தகம் சாமி அலமாரியில் சிவப்புத் துணியில் சுற்றி இருக்கும். மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு, ஓய்ந்து கிடந்த தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். வரிவரியாக விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை.

சாயங்காலம் அதிரசமும் வெற்றிலையும் அடுக்கி விளக்கேற்றினார்கள். பெரியப்பா கணீரென்று கதையை வாசித்து முடித்தார். எல்லோரும் கையை நீட்டினோம். அத்தை பின்னால் கதவோரம் நின்றிருந்தாள். நான் கேட்டேன்.

"அத்தை கட்டக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துல இருக்கு பெரியப்பா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெரியப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. "இங்கதான் கீது, இரு" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடத் தொடங்கினார். முதலிலிருந்து கடைசி வரை, மறுபடி கடைசியிலிருந்து முதல் வரை. பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பா சொன்னதும் புத்தகத்தில் இருந்ததும் இத்தனை வருஷத்தில் அவர் மனசில் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. அவர் நெற்றி வியர்த்துவிட்டது. நானோ உதவி செய்கிற நினைப்பில், "நான் ரெண்டு வாட்டி பாத்துட்டேன், இல்ல" என்றேன்.

அத்தை விறுவிறுவென்று வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். அறை இல்லை, குத்து. "வாய மூடுடி. எனக்கோசரம் யாரும் கேக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். யாருக்காகப் பேசினேனோ அவளே அடித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதிரசம் வேண்டாமென்று அழுதேன். பிறகு நான்கு தின்றேன்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறு வருஷமும் தட்டில் எட்டுக் கயிறுதான். பெரியப்பா வாசித்து முடித்தார், எல்லோருக்கும் கட்டியாயிற்று. வெறும் தட்டைப் பார்த்தவர், காணாமல் போன கண்ணாடியைக் கேட்பது போலச் சாதாரணமாக, "உன்னுது எங்க?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். பெரியப்பா அம்மாவிடம், "கட்டி வுடு" என்றார். அம்மா கட்டினாள். எங்கள் கயிறுகளில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. அத்தையின் கயிறு மட்டும் மஞ்சளே படாமல் அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது. மஞ்சள் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கிண்ணத்தில் பாதி மஞ்சள் மீதம் இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் அத்தையே சொன்னாள். அந்தப் புத்தகத்தை அவள் எட்டாவது படிக்கும்போதே, அதே போல விரல் வைத்துப் படித்தாகிவிட்டதாம்.

"தெரிஞ்சும் ஏன் அத்தை கேக்கல?"

"நான் கேட்டா எனக்கோசரம் கேக்கறன்னுவாங்க. நீ கேட்டது பொஸ்தகத்துக்கோசரம்னு ஆச்சு."

அன்று அவள் இடுப்பிலிருந்து எடுத்தது முந்தின வருஷத்துக் கயிறு. அந்த முதல் வருஷமே அவள் ஒன்பது முறுக்கியிருக்கிறாள். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் கேட்டபோதும், அவள் என் முதுகில் குத்தியபோதும் ஒன்பதாவது கயிறு அவளுடைய மூடிய கைக்குள்தான் இருந்திருக்கிறது. எனக்கு முதுகு வலித்தது மட்டும்தான் தெரிந்தது.