பட்டு நூலால் கட்டிய டர்போ

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில், காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு நான் சென்னையில் இருந்தாக வேண்டும்.

எனக்குக் கார் பைத்தியம். அதை ஒளிக்க ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது டர்போ இன்ஜின் வைத்த ஒரு சின்ன பெட்ரோல் கார். டர்போ என்றால், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பிக் கூடுதல் சக்தி வாங்குகிற சமாச்சாரம். அந்த இன்ஜினின் கம்ப்யூட்டரை நம் காருக்கென்றே அளவெடுத்த மாதிரி அமைத்துத் தருகிற ட்யூனர் ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவரிடம் தேதி வாங்கவே இரண்டு மாதம் ஆனது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மாற்ற வேண்டியதையெல்லாம் முதலிலேயே மாற்றிவிட்டு வர வேண்டும், ட்யூன் செய்த பிறகு இன்ஜினில் கை வைத்தால் செய்த வேலை வீண். என்னென்ன பார்க்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார். தவறவிட்டால் மறுபடி இரண்டு மாதம்.

அந்தப் பட்டியலை, கல்யாணப் பந்தியில் இனிப்பை மட்டும் பொறுக்குகிற குழந்தை மாதிரி படித்தேன். புது ஏர் ஃபில்டர், பெரிய இன்டர்கூலர், அகலமான சைலன்சர் குழாய் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினேன். பட்டியலில் இல்லாத ஒன்றை ஆறு மாதம் முன்பே மாட்டியிருந்தேன். காரைத் தாழ்த்துகிற ஸ்பிரிங். தாழ்ந்து நின்றால் பாயப்போகிற புலி மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம். தவழ்கிற குழந்தை மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி. பட்டியலின் கடைசியில் டயர், பிரேக், வீல் அலைன்மென்ட் என்று ஏதோ இருந்தது. பிரேக் மாற்றினால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று அதை விட்டுவிட்டேன்.

அன்று காலை கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் முறுக்கிப் பார்க்கலாம் என்று போனபோதுதான் வினை. டர்போவின் அழுத்தக் காற்று போகிற இன்டர்கூலர் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் வளையத்தின் மரை கழன்று கையோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் என்றாலும், பிறந்தது நெசவுக் குடும்பத்தில். எங்கள் வீடுகளில் எது உடைந்தாலும் கை தானாகப் பட்டு நூலைத்தான் தேடும். மூக்குக் கண்ணாடிக் காது, டிவி ரிமோட், ஸ்கூல் பை ஜிப், எல்லாம் நூல் கட்டோடுதான் திரியும். அப்பா வீட்டுத் தறியிலிருந்து வந்த கழிவு நூல் ஒரு கட்டு அலமாரியில் இருந்தது. எட்டு இழையை முறுக்கி, குழாயைச் சுற்றி இறுக்கி, எங்கள் நெசவாளர் தெரு முடிச்சு ஒன்றைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

“குழா ஒழுகினாலும் பட்டு நூலு, காரு ஒழுகினாலும் பட்டு நூலா?” என்றாள் மனைவி. என்றாலும் மகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அவளும் கிளம்பிவிட்டாள். நான் ட்யூனரிடம் நிற்கும் நேரத்தில் அவர்கள் தாம்பரத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. போகிற வழியில் ஒரகடத்தின் ஆறுவழிச் சாலையில் ஒரு முறை மிதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் தனி ஏற்பாடு. அதை நான் வெளியே சொல்லவில்லை.

வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நெல் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். கார் பெருமூச்சு விட்டு, சக்தியெல்லாம் போய்விட்டது. எதிரே பஸ் வருகிறது. பிரேக் அடித்து லாரிக்குப் பின்னாலேயே ஒடுங்கி, ஓரமாக ஒரு அரிசி மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

உடம்பெல்லாம் தவிட்டுத் தூளோடு மில் மெக்கானிக் ஒருவர் வெளியே வந்தார். லுங்கி, தொப்பி, நாற்பது வயது இருக்கும். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்களும் “இன்னா பாய்?” என்று வந்துவிட்டார்கள்.

“இன்னா சார், ஆடி மாசத்துல காருக்குக் கல்யாணமா? பட்டெல்லாம் கட்டிக்கினு வந்துகீது!”

நான் போட்ட முடிச்சு மட்டும் அவிழவே இல்லை. குழாய்தான் அதிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. என் மனைவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மில்லில் காற்று ஊதுகிற குழாய்களுக்குப் போடும் கிளாம்ப் ஒன்றை பாய் எடுத்து வந்தார். ஒரு சாக்கை விரித்து, காரின் முன்பக்கம் படுத்து, கீழிருந்து கையை விட்டு முடுக்கினார். ஐந்தே நிமிடம். கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடலாம் என்று நான் மணியைப் பார்த்தேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

“சார், கொஞ்சம் குனிஞ்சு இந்த டயர பாருங்க.”

குனிந்தேன். இடது முன்டயர் வெளியிலிருந்து பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. உள்பக்க விளிம்பில் ரப்பரே இல்லை. கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. காரைத் தாழ்த்திவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் ஆறு மாதம் ஓட்டியதில், சக்கரம் சாய்ந்து உள்பக்கமாகவே தேய்ந்திருக்கிறது. என் கை வேலை. இன்னும் கால் மணி நேரத்தில் இந்த டயரோடு ஆறுவழிச் சாலையில் மிதித்திருப்பேன். பின்சீட்டில் மகள்.

“ஓடறதுக்கு எல்லாம் போட்டுகிறீங்க. நிக்கறதுக்கு இன்னா போட்டீங்க?” என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாய்க்கு வாய் கிண்டல் செய்கிற என் மனைவி, கதவைத் திறந்து மகளைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ட்யூனருக்குப் போன் செய்து, வர முடியாது என்று சொன்னேன். காரணத்தைக் கேட்டுவிட்டு அவர், “அந்த டயரோட வந்திருந்தா நானே திருப்பி அனுப்பியிருப்பேன் சார்” என்றார். பட்டியலின் கடைசி வரிகளை முதலில் செய்யச் சொன்னார்.

பாய் ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். அக்கா வீட்டுக்கென்று கட்டியிருந்த எங்கள் ஊர்க் கோயில் இட்லி டப்பாவை மனைவி திறந்தாள். மில் வாசலில் எல்லோருமாகச் சாப்பிட்டோம். என் மகள்தான் பாய்க்கு மிளகாய்ப் பொடி பரிமாறினாள். பிறகு நாற்பதைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தேன். மொபெட்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார், எனக்கு ரோஷமே வரவில்லை.

நான்கு டயர், பிரேக் பேடு, அலைன்மென்ட் எல்லாம் முடித்து, பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து ட்யூன் செய்து வந்தேன். திரும்பும்போது மில்லில் நிறுத்தி பாயை முன்சீட்டில் ஏற்றினேன். கார் சும்மா பறந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “சரி சார், இப்ப நிறுத்திக் காட்டுங்க” என்றார். நிறுத்தினேன். கொஞ்சமும் இழுக்காமல் நேராக நின்றது. “இப்பதான் காரு” என்றார்.

இன்றும் எனக்கு வேகம் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருக்க, சிக்னலில் கார் அலுங்காமல் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும், எனக்காகத் தரையில் படுத்துப் பார்த்த அந்த மனிதரை மனசுக்குள் ஒரு தடவை கும்பிட்டுக்கொள்கிறேன்.