கூடுதலாக ஒரு 'கே'

என் கணவர் மேடையில் மேஜிக் செய்பவர். திருவனந்தபுரத்தைச் சுற்றிக் கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா, ஓணக் கொண்டாட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். பெட்டிக்குள் படுப்பது, புறாக்களைக் கவனிப்பது எல்லாம் என் வேலை.

முதலில் போட்ட போர்டில், மலையாளத்தில் சொல்கிறபடியே தமிழிலும் 'மாஜிக்' என்று எழுதிவிட்டார். கரமனைத் தமிழர்கள், "எந்தப் பதவியில இருந்து மாஜி ஆனீரு?" என்று சிரித்தார்கள். அதை மாற்றினார். பிறகு பழவங்காடியில் எண்கணிதம் பார்க்கும் ஒருவர், ஆங்கிலத்தில் 'சி'யோடு முடிகிற மேஜிக்குக்குப் பின்னால் ஒரு 'கே' சேர்த்தால் தொழில் பெருகும் என்றார்.

"தப்பா எழுதுன மாதிரில்லா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். நாலு பேரு திரும்பிப் பாப்பாம்லா."

விதுராவில் ஒரு கிளப் விழா. நல்ல பகல். நான் பெட்டிக்குள் படுத்திருந்தேன். வெளியே கொக்கி மாட்டியாயிற்று. அப்போது ஒருவன் மேடையேறி மலையாளத்தில் கத்துவது கேட்டது. 'கே' சேர்த்து எழுதினால் அது வேடிக்கை இல்லை, அசல் மந்திரவாதம், போனில் போட்டிருக்கிறது என்றான்.

"இது கைவித்தையாணு சேட்டா. நோக்கிக்கோ" என்றார் இவர். பெட்டியில் செருகுகிற வாள் மடங்குகிறதுதான் என்று காட்ட அதைத் தூக்கியிருக்கிறார். ஓங்குகிறார் என்று நினைத்துவிட்டார்கள். நாற்காலி உடைகிற சத்தம் கேட்டது. பிறகு இவருடைய குரல், அதுவரை நான் கேட்டிராத குரல்.

பெட்டியின் அடிப்பலகை வழியாக வெளியே வந்தேன். இவர் குப்புறக் கிடந்தார். ஐந்தாறு பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். மேடையேறிக் கத்தியவன், கையில் போனோடு, செருப்புக் காலால் இவருடைய வலதுகை விரல்களைத் தரையோடு சேர்த்து அரைத்தான். ஒரு புறாவை யாரோ கழுத்தைத் திருகிப் போட்டிருந்தார்கள். மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அவன் நெற்றியில் அடித்தேன். ரத்தம் என் முகத்தில் தெறித்தது. அவன் விழுந்த பிறகும் அடித்தேன். கிளப்காரர்கள் வந்து என்னைத்தான் முதலில் பிடித்தார்கள்.

ஸ்டேஷனில்தான் விஷயம் தெரிந்தது. நான் அடித்தவனுடைய தங்கைக்கு முன்பு பேய் ஓட்டுகிறேன் என்று ஒரு மந்திரவாதி பிரம்பால் அடித்தே கொன்றிருக்கிறான். பக்கத்து அறையில் இவன்தான் காவலுக்கு நின்றானாம். அவள் அலறியது பேய் அலறுவதாக நம்பியிருக்கிறான்.

ஆனாலும் அவன்மேல் கொடுத்த புகாரை நான் திரும்பப் பெறவில்லை.

"அவன் பாவம்ட்டி. விட்டுரு" என்றார் இவர், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"ஒங்க வெரலு பாவமில்லையா?"



போர்டைக் கழற்றிவிட்டோம். அவர் விரல்கள் கோணலாகச் சேர்ந்தன, சீட்டு நிற்பதில்லை. இப்போது சீட்டு வித்தையை நான் செய்கிறேன், அவர் பக்கத்தில் நின்று பேசுகிறார். என் கை வேகமானது என்று அவரே சொல்கிறார். அப்படிச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வழக்கு நடக்கிறது. அவனை அடித்ததற்காக என்மேலும் ஒன்று. போன வாய்தாவில், கோர்ட்டு வராந்தா பெஞ்சில் நெற்றித் தழும்போடு உட்கார்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான்.

நான் உட்காரவில்லை.