கோலி உருண்ட அடுக்களை

வீடு கட்டுகிறவர்களும், கட்டிய வீட்டை இடிக்கிறவர்களும், இடித்ததை மறுபடி கட்டுகிறவர்களும் சேர்ந்து நடத்தும் வாட்ஸப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். நாகர்கோவிலைச் சுற்றிச் சொந்த வீடு வைத்திருக்கிற எவருக்கும் அதில் இடமுண்டு. உள்ளே போவது எளிது. வீட்டு வேலை முடிந்தால் வெளியே வந்துவிடலாம் என்பது விதி. இதுவரை யாரும் வந்ததில்லை. பல் தேய்க்கும் முன்னால் ஒருவர் தன் குளியலறைப் படத்தைப் போடுவார். இன்னொருவர் தன் மாடி அறையின் உள்கூரையை, ஏதோ பெண் பார்க்க அனுப்பும் படம்போல, விளக்கெல்லாம் போட்டு எடுத்து அனுப்புவார். நானும் என் பங்குக்கு, பாதி பூசிய மாடிப்படிச் சுவரைப் பல கோணங்களில் எடுத்துப் போட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது. “சார், இது வேலைக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா?”

போன வாரம் ஓர் அன்பர் வீடியோ போட்டிருந்தார். புதிதாக டைல்ஸ் ஒட்டிய அடுக்களைத் தரையில் ஒரு கோலியை வைக்கிறார். கோலி சற்று யோசித்துவிட்டு மூலையைப் பார்த்து உருண்டு போகிறது. கீழே, “நியாயம் வேண்டும்” என்று எழுதி, சிவந்த முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தார். குழு கொந்தளித்தது. தரையைப் பெயர்க்கச் சொன்னார்கள், கொத்தனாரைப் பெயர்க்கச் சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சோதனையை இந்த மாவட்டத்தில் முதன்முதலாகச் செய்தவன் நான்தான் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அப்போது எனக்கு நாலாம் வகுப்பு.

அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார். விடுப்பில் ஊருக்கு வருவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அவர் எங்கள் வீட்டில் கையாள் வேலைக்கு வருவதாகத்தான் தோன்றும். பெட்டியைத் திறந்து, எங்களுக்குச் சட்டைத்துணியும் சோப்பும் எடுத்துக்கொடுத்த மறுநாள் காலையில் கொத்தனார் வந்துவிடுவார். ஒரு விடுப்பில் முன்னறை; அடுத்த விடுப்பில் அதே முன்னறையின் வாசலை அடைத்து வேறு பக்கம் வாசல். ஒவ்வொரு தடவையும் சபைப் போதகரைக் கூப்பிட்டு ஜெபம் வைப்போம். நல்ல மனிதர் அவர். எங்கள் வீட்டைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே அப்பா தங்கியிருந்த அறையில் எல்லோருக்கும் ஊரில் பாதி கட்டிய வீடு ஒன்று உண்டாம். வேலைவிட்டு வந்து, சோறு ஆக்கித் தின்றுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஆளாளுக்கு வீட்டுப் படத்தை எடுத்துக் காட்டுவார்களாம். திருச்சூர்க்காரர் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டுவார். கார் கிடையாது. முட்டத்துக்காரர் கடலைப் பார்த்து வைத்த ஜன்னலைக் காட்டுவார். எங்களுக்குக் கடலுமில்லை, தோவாளைப் பக்கத்தில் வயலும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும்தான். காற்றைப் படமெடுக்க முடியாது. ஆகவே அப்பா அந்தத் தடவை ஓலைச் சாய்ப்பாகக் கிடந்த எங்கள் அடுக்களையை இடித்துக் கட்டிப் படமெடுத்துக் கொண்டுபோவது என்ற தீர்மானத்தோடு வந்திருந்தார்.

அடுக்களை எழும்பியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களானாலும் வேறு வீடு தேடி வழிதவறி வந்தவரானாலும், உட்காரச் சொல்லமாட்டார். நேரே அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, வாசல் பக்கமாக நின்று, புதுச் சிமெண்டுத் தரையில் கவிழ்ப்பார். தண்ணீர் கூட்டமாகப் புறப்பட்டு, மூலையில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்து, வெளியே வாழைமரத்தடிக்கு, எங்கள் பேச்சில் வாழைமூட்டுக்கு, போய்விடும்.

“பாத்தியளா? ஒரு சொட்டு நிக்காது. வாட்டம் குடுத்திருக்கு” என்பார்.

தரையைச் சாய்வாக இழைப்பதற்குக் கொத்தனார்கள் சொல்லும் சொல் அது. பக்கத்தில் கொத்தனார் இருந்தால், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, தண்ணீரைத் தானே பெற்றெடுத்தவர்போலப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் இந்தக் காட்சியைக் கணக்கில்லாத தடவை பார்த்தவன். செம்பை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பே என்னுடையதுதான். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் பிறந்ததும் அப்பா திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். அவர் எந்தக் கிறிஸ்மசுக்கும் வீட்டில் இருந்தது கிடையாது. வருஷக் கடைசியில்தான் அவருடைய கம்பெனிக்கு வேலை தலைக்கு மேல் வரும். எங்கள் வீட்டு நட்சத்திரத்தை மாமாதான் கட்டித் தருவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் கட்டும் நட்சத்திரம் எப்போதும் ஒரு பக்கமாகத் தொங்கும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கடல் தாண்டிப் போகிறவனிடம் ‘போகாதீங்க’ என்று சொல்லமாட்டார்கள். சட்டையை மடித்துத் தருவார்கள். ஊறுகாய்ப் பாட்டிலின் வாயைத் துணியால் கட்டித் தருவார்கள். அம்மா அதையெல்லாம் செய்தாள். கூடவே அந்த அடுக்களையில் குற்றம் கண்டுபிடிக்கவும் ஆரம்பித்தாள்.

முதலில் ஜன்னல். “இஞ்ச பாருங்க, ஆடிக்காத்து நேரா உள்ள வரும். அடுப்பு நிக்காது.”

“ஆடி வாறதுக்கு இன்னும் எவ்வளவு நாளு கெடக்கு” என்றார் அப்பா. ஆனாலும் ஆளைக் கூப்பிட்டு ஒரு மறைப்புப் பலகை அடித்துவிட்டார். ஒரே நாளில் முடிந்தது. அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு தட்டு உயரமாக இருக்கிறது என்றாள். அப்பா இறக்கி வைத்தார். கதவு இடப்பக்கம் திறக்கிறது என்றாள்; அப்பா அதை வலப்பக்கம் திறக்கவைத்தார். அவ்வளவு சொன்னபடி கேட்கும் புருஷனை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னதான் செய்வாள்? அம்மா எதற்கும் திருப்திப்படாதவள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அப்பாவுக்காக என் மனம் இரங்கியது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாமா வீட்டுக்கு வந்திருந்தார். கொத்தனாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காப்பி குடிக்க வந்திருந்தார். எல்லோரும் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் அப்போது வேறெங்கும் யாரும் நிற்பதில்லை. அம்மா டம்ளரைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

“எனக்குத் தரை சரியாப் படல்ல. நின்னா காலு ஒரு பக்கமா இழுக்கு.”

கொத்தனாருக்குக் காப்பி புரையேறியது. “தரையா? நான் போட்ட தரையிலயா குத்தம்?”

“நாளைக்கு ரசமட்டம் கொண்டு வாரும், வச்சுப் பாப்போம்” என்றார் அப்பா, அசதியாக.

மட்டம் பார்க்க ரசமட்டம் எதற்கு? நான் இருக்கிறேனே. சமதளத்தில் வைத்த கோளம் உருளாது என்று பள்ளிக்கூடத்தில் அந்த மாதம்தான் படித்திருந்தேன். கோளம் என்றால் கோலி. நானே மொழிபெயர்த்துக்கொண்ட அறிவு. கால்சட்டைப் பையிலிருந்து நீலப் பூ விழுந்த என் கண்ணாடிக் கோலியை எடுத்தேன். எல்லாரையும் விலகி நிற்கச் சொன்னேன். நடுத்தரையில் வைத்துக் கையை எடுத்தேன்.

கோலி புறப்பட்டது. அவசரமே இல்லாமல் மாமாவின் காலைச் சுற்றிக்கொண்டு போய், மூலையை அடைந்து, ஓட்டையில் விழுந்து, வெளியே வாழைமூட்டில் ‘தொப்’ என்றது.

“பாத்தியளா! சாய்வு!” என்று கத்தினேன்.

கொத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார். “மக்கா, அது வாட்டம்லா, தண்ணி...” அப்பாவின் கை அவர் தோளில் போய் உட்கார்ந்தது. அவர் மீதியை வெற்றிலையோடு சேர்த்து விழுங்கினார்.

மாமா வாத்தியார் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. “அத்தான், அன்னைக்கு நீங்களே செம்புத் தண்ணிய ஊத்தி...”

“ஏலே, ஒனக்குக் காப்பிக்குச் சீனி போதுமா?” என்றாள் அம்மா.

மாமா இன்னும் காப்பியை வாயில் வைக்கவே இல்லை. அம்மாவைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். “போதும்க்கா. எல்லாம் போதும்” என்றார்.

அப்பா குந்தி உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். தரையைப் பற்றிய பேச்சில் அம்மாவை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா, துடைத்த டம்ளரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பய கண்டுபிடிச்சிட்டான்” என்றார் அப்பா எழுந்துகொண்டு. “இப்படியொரு தரைய வச்சிட்டு நான் எப்படிப் போக முடியும்? இடிச்சிர வேண்டியதுதான்.”

மறுநாள் கம்பெனிக்குத் தந்தி கொடுக்கப் போனோம். கண்டுபிடிப்பாளன் என்ற முறையில் நானும் போனேன். தபாலாபீசில் இருந்தவர் எங்கள் சபைக்காரர். விடுப்பு நீட்டக் காரணம் என்ன போட வேண்டும் என்று கேட்டார். அடுக்களைத் தரையில் கோளாறு என்றார் அப்பா. அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அப்பாவைப் பார்த்தார்.

“பெரிய கோளாறோ?”

“கொஞ்சம் பெரிசுதான்.”

“கிறிஸ்மஸ் கழியாம சரியாகாதே இது.”

“ஆகாது பாத்துக்கிடும்.”

பார்க்காமலேயே எப்படிச் சொல்கிறார் என்று வியந்தேன். தந்தி ஆபீசில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அப்பா சொன்னார்.

பதில் வரும்வரை பொறுக்கலாமே என்றார் கொத்தனார். “இடிச்ச பொறவு வேண்டாம்னா சொல்லுவான்?” என்று அப்பா கடப்பாரைக் கம்பியை எடுத்துத் தானே முதல் குத்துக் குத்தினார். கடலுக்கு அப்பால் இருக்கும் கம்பெனிக்கு எங்கள் தரை இடிந்தது எப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொத்தனார் மட்டும் உடைந்த சிமெண்டை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்து முனகினார். “நான் ஒண்ணு சொல்லிட்டேன். மறுபடியும் இதே வாட்டம்தான் வைப்பேன். யாருக்காண்டியும் மாத்த மாட்டேன்.” எவ்வளவு பிடிவாதம்! தப்பைக் காட்டிக்கொடுத்த பிறகும் திருந்தாத மனிதர்.

பதில் வராத நாட்களில் அப்பா தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டால் போதும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். அம்மா வரமாட்டாள். ஆனால் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிடும். கடைசியில் வந்தது. ஜனவரிவரை இருக்கலாம். அன்றைக்குச் சோற்றில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

அடுக்களை இல்லாமல் வந்த கிறிஸ்மஸ் அது. முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு. மேலே மழைக்குத் தார்ப்பாய். பக்கத்தில் மணலும் ஜல்லியும். முந்திரிக்கொத்துப் போட அப்பா உட்கார்ந்தார். பயறும் சர்க்கரையும் பிடித்த உருண்டைகளை மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் விட வேண்டும், கொத்துக் கொத்தாக வரும். அப்பா விட்டவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சட்டி முழுக்க ஒரே கொத்தாக எழும்பி வந்தன.

“இதுக்கு அஸ்திவாரம் போட்டது யாரு?” என்றார் மாமா.

அம்மா சிரித்தாள். நிற்க முடியாமல் மணல் குவியலில் உட்கார்ந்து சிரித்தாள். புதுச்சேலையோடு உட்கார்ந்தாள். அப்பா ஏணியில் ஏறிக் கட்டிய நட்சத்திரம் மாமா கட்டுவதைவிடக் கோணலாகத் தொங்கியது. அம்மா அதை மட்டும் குற்றம் சொல்லவில்லை. தரையில் அவ்வளவு சூட்சுமமாகக் குறை கண்டவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு ஆச்சரியம்.

புதுத்தரை காய்ந்தது. போதகர் வந்து ஜெபித்தார். அப்பா படமெடுத்துக்கொண்டார். புறப்படுகிற அன்று காலையில், என் கடமையாயிற்றே என்று, வாழைமூட்டில் தோண்டியெடுத்து வைத்திருந்த அதே கோலியை நடுத்தரையில் வைத்தேன். உருண்டது. அதே மூலை, அதே ஓட்டை, அதே ‘தொப்.’ வெளியே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு, பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

“அப்பா, தரை இப்பமும் சாய்வுதான்! கொத்தனாரு ஏமாத்திட்டாரு! மறுபடி இடிக்கணும்!”

அப்பா கயிற்றை விட்டார். என்னோடு அடுக்களைக்கு வந்தார். கோலியை வாங்கித் தானே வைத்தார். அது கொஞ்ச தூரம் போவதைப் பார்த்துவிட்டு, ஓட்டையில் விழும் முன்னே பிடித்துக்கொண்டார்.

“இந்தத் தடவ சரியாத்தான் மக்கா இருக்கு.”

பாவம், அப்பாவுக்குச் சமதளம் என்றால் என்னவென்றே தெரியவில்லை.

“இத எனக்குத் தாறியா?” என்று கேட்டார். நல்ல கோலி. வகுப்பில் வேறு யாரிடமும் அப்படியொரு நீலம் கிடையாது. ஆனாலும் சரி என்றேன். அவர் அதைச் சட்டைப்பையில், பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அப்பாவை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது. வெளிநாட்டுக்குப் போகிறவர் ஊறுகாய் கொண்டுபோவார், முந்திரிக்கொத்து கொண்டுபோவார், கோலி எதற்கு? யோசித்து யோசித்து ஒரு பதிலுக்கு வந்தேன்.

“அம்மா, அங்கயும் தரை சரியில்ல போலிருக்கு.”

“ஆமா மக்கா, சரியிருக்காது” என்றாள் அம்மா. பிறகு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்தாள். அப்பா நிற்கிற இடத்தில் நின்று தரையில் கவிழ்த்து, அது ஒரு சொட்டும் நிற்காமல் ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் கழுவிய தரை அது. எதற்கு மறுபடியும் கழுவுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.