நாடி நாற்பத்தாறு

சுருளியம்மாள் தன் வாழ்நாளில் எத்தனையோ பார்த்துப் பயந்தவள்தான். ஏலக்காட்டுக்குள் யானை வந்த நாள் உண்டு. மரம் முறிந்து லயத்து வரிசை வீட்டுக் கூரைமேல் விழுந்த நாளும் உண்டு. அதெல்லாம் வெளியிலிருந்து வந்த பயம், கதவைச் சாத்திக்கொண்டால் பாதி போய்விடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்காம் வருடம் தன்னுடைய மணிக்கட்டையே பார்த்துப் பயந்து நடுங்கினாளே, அதற்கு எந்தக் கதவைச் சாத்துவது?

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். தாய் மூக்கம்மாள் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நடந்த ஜில்லா மீட்டில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் சுருளி முதலாவதாக வந்தாள். அந்த ஓட்டத்துக்காகத்தான் பாலக்காட்டில் ஒரு காலேஜில் இடம் கொடுத்தார்கள், ஹாஸ்டலில் கட்டிலும் கொடுத்தார்கள். படிப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஸுவாலஜி. தவளையையும் கரப்பானையும் அறுத்துப் பார்க்கிற படிப்பு. அதோடு சேர்த்து, அந்த வருடம்தான் புதிதாக ஆரம்பித்த விளையாட்டு விஞ்ஞானம். மனுஷன் ஓடினால் உள்ளுக்குள் என்னென்ன நடக்கிறது என்று கணக்குப் பார்க்கிற படிப்பு. ஓட்டம் போனால் அந்த இரண்டாவது படிப்பு போகும். அது போனால் இடமே போகும். சேரும்போதே இப்படித்தான் சொல்லிச் சேர்த்தார்கள்.

மூக்கம்மாள் கேட்டாள்: "ஏண்டி, மூச்சு வாங்குறதுக்குமா மார்க்கு போடுவாக?"

"ஆமா ஆத்தா. போடுவாக."

"அப்ப எனக்குத்தேன் மொத மார்க்கு," என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகளைக் கம்பத்துக்கு இறக்கி, பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டதுகூட கங்காணியோடு சண்டை போட்டு வாங்கின அரை நாள் லீவில்தான்.

வினை முதல் புதன்கிழமையே வந்தது. மாடி அறையில் வகுப்பு. ஆறுச்சாமி மாஸ்டர் கழுத்தில் தொங்குகிற ஓட்டக் கடிகாரத்தோடு நின்றார்.

"எல்லாரும் சித்தெ நேரம் பேசாம உக்காருங்க. பக்கத்துல இருக்கறவிங்க கையப் புடிச்சு நாடி எண்ணோணும். ஒரு நிமிசம். எண்ணுனத நோட்டுல எழுதோணும்."

கரும்பலகையில் பெரிதாக எழுபத்திரண்டு என்று எழுதினார். நல்ல தேகசுகத்தோடு இருக்கிற மனுஷனுக்குச் சாதாரணமாக இவ்வளவு என்றார்.

சுருளியின் பக்கத்தில் இருந்தவள் நாச்சம்மாள். கொல்லங்கோட்டுப் பக்கம் வயல் உள்ள வீட்டுப் பெண், வாய் மூடாது. இரண்டு விரலை வைத்து எண்ணினாள். எண்ணி முடித்துச் சுருளியின் முகத்தையே பார்த்தாள்.

"ஏம் புள்ள, நாப்பத்தாறுதான் வருது. உன்ற கையில ஆளு இருக்குதா, இல்ல ஊட்டப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போயிருச்சா?"

"பேசிக்கிட்டே எண்ணுனா அப்படித்தேன் வரும். திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினாள். நாற்பத்தாறு. சுற்றிலும் எழுபத்துநாலு, எண்பது, எழுபத்தாறு என்று குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. சுருளி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஏன் என்று கேளுங்கள். அவளுக்கு ஒன்பது வயதில் தகப்பன் ராக்கப்பன் காய்ச்சலில் கிடந்தான். வைத்தியர் அவன் கையைப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாடி விழுந்துக்கிட்டே வருது தாயி. இனி ஏறாது" என்று மூக்கம்மாளிடம் சொன்னதை இவள் வாசலில் நின்று கேட்டாள். மறுநாள் உச்சிவேளைக்கு அவன் போய்விட்டான். நாடி விழுந்தால் ஆள் விழுவான் என்பது அவளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரும்பலகையில் எழுபத்திரண்டு, தன் கையில் நாற்பத்தாறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தாயிற்று என்றுதானே நினைப்பாள்? நீங்களானாலும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

"நாச்சி, எழுவத்திரெண்டுன்னு எழுதிரு."

"பொய்யா?"

"தெரிஞ்சா என்னய ஊருக்கு அனுப்பிருவாக. எழுதிருடி, ஒன்னையக் கும்பிடுறேன்."

நாச்சம்மாள் எழுதிவிட்டாள். ஆனால், "இந்தப் பாவம் இன்னிக்கோட செரி. அடுத்த வாரம் கையில என்ன வருதோ அதத்தான் போடுவேன்" என்று சொல்லியும் விட்டாள்.

கையில் எழுபத்திரண்டு வரவேண்டும், அவ்வளவுதானே? அடுத்த புதன்கிழமை வகுப்புக்கு முன்னால் சுருளி மாடிப்படியில் மூன்று தரம் ஏறி இறங்கி ஓடினாள். ஓடிவந்து உட்கார்ந்தாள். அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. மற்றவர்களுக்கு ஏறின துடிப்பு இறங்க ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் ஆகும். இவளுக்கோ உட்கார்ந்த உடனே, ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர்போலச் சரசரவென்று இறங்கிவிடும். மாஸ்டர் கடிகாரத்தை அமுக்குகிற நேரம் பார்த்துக் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தால்தான் எழுபதை ஒட்டி நிற்கும். அப்படி நுழையப் பழகினாள். தாமதமாக வருகிறாய் என்று வாரம் தவறாமல் திட்டு வாங்கினாள். திட்டு பெரிதில்லை. ஏற்றி வைத்த நாடி நிற்காமல் ஒழுகுகிறதே, அதுதான் அவளை அரித்தது.

பயத்துக்கு எண்ணெய் ஊற்றினது ஸுவாலஜி. சேஷம்மாள் டீச்சர், கல்பாத்தி அக்ரகாரத்திலிருந்து வருகிறவர், ஒரு நாள் தவளையைத் திறந்து துடிக்கிற நெஞ்சைக் காட்டினார். அதன்மேல் ஐஸ் தண்ணீர் விட்டார்.

"பாருங்கோ எல்லாரும். துடிப்பு கொறஞ்சுண்டே வரது, கேட்டேளா? எண்ணிக்கோங்கோ. இன்னும் கொறையும்... இன்னும்... நின்னுடுத்து பாத்தேளா."

மற்ற பெண்கள் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுருளி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு படிப்பு இவ்வளவு வேண்டும் என்கிறது. இன்னொரு படிப்பு குறைந்தால் நின்றுபோகும் என்று கண்முன்னால் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு முடிவைத்தானே சொல்லுகின்றன?

அன்றிலிருந்து மைதானத்தில் அவள் முழுக்கால் வைத்து ஓடவில்லை. வேகமாக ஓடினால் உள்ளே இருக்கிற கொஞ்சமும் தீர்ந்துவிடும் என்று பாதி ஓட்டம் ஓடினாள். படிப்புப் போகாமல் இருக்க மாடிப்படியில் ஓட்டம், உயிர் போகாமல் இருக்க மைதானத்தில் நடை. ஆறுச்சாமி மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

"ஏனம்மிணி, ஜில்லாவுல ஜெயிச்ச புள்ளையா நீயி? சேத்துல எறங்குன எருமையாட்ட வாற!"

ஆகஸ்டு கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஓணம் கழிந்து வந்ததும் டாக்டரம்மா வந்து விளையாட்டுப் படிக்கிற எல்லோரையும் பரிசோதிப்பார். கால் மணி நேரம் படுக்கவைத்து, அப்புறம்தான் நாடி எண்ணுவார். தேறாதவர்களுக்கு அந்தப் படிப்பு கிடையாது.

கால் மணி நேரம்! சுருளி அதை இரண்டு தரம் வாசித்தாள். படுத்துக்கிடக்கிற இடத்தில் எந்தப் படியில் ஏறி ஓடுவது?

ஓணத்துக்கு அவதி விட்டார்கள். மலையாளத்தில் விடுமுறைக்கு அவதி என்றுதான் பேர். அவளுக்கு அது இரண்டு மொழியிலும் அவதிதான். புறப்படும்போது நாச்சம்மாளின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டாள்.

"எங்கப்பனுக்குத் தெரிஞ்சா என்ற தோல உரிச்சுப்போடும். பத்தரமா கொண்டா. நீயி இல்லாட்டியும் அதாச்சு வந்து சேரோணும்," என்றாள் நாச்சம்மாள். விளையாட்டுக்குச் சொன்ன சொல்தான். சொன்னபிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊருக்குப் போய் இரண்டு நாள் சுருளி யாருக்கும் தெரியாமல் தன் கையையே எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மூக்கம்மாள் பச்சைக்காய் மூட்டையைத் தலையில் வைத்து மேட்டில் ஏறி, காய் உலர்த்துகிற ஸ்டோரில் போட்டுவிட்டு வந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்தாள். குடித்து முடிக்கிறவரை பொறுத்திருந்து சுருளி தாயின் கையைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாள்.

நாற்பத்துநாலு.

அவ்வளவுதான். தாய் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள். தான் மட்டும்தான் போகப்போவதாக நினைத்திருந்தாள். இப்போது தாயும் அல்லவா போகப்போகிறாள், அதுவும் தனக்கு முன்னால்!

"என்னடி இது, எழவு விழுந்த மாதிரி?"

"ஒனக்கும் நாடி விழுந்துருச்சு ஆத்தா. எனக்கும் விழுந்துருச்சு."

அழுகையும் விக்கலுமாக எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கம்மாள் முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு வைய ஆரம்பித்தாள் பாருங்கள், அடுத்த லயத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"யாருடி சாகப்போறது? மூட்டையத் தூக்கிட்டு இந்த மேட்ட ஏறிட்டு வந்து ஒக்காந்துருக்கேன், நானா சாகப்போறவ? ஒங்கப்பன் காச்சல்ல செத்தாரு. நாடி விழுந்து சாகல, சாகக் கெடந்ததுனால விழுந்துச்சு. இதுகூடத் தெரியாம என்னத்தடி படிக்கிற? ரெண்டு படிப்பாம், ரெண்டு!"

வந்து நின்றவர்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. ஜோசியக்காரனிடம் நீட்டுவதுபோல ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். சுமை தூக்குகிற மாரித்தாய்க்கு ஐம்பத்திரண்டு. அவள் அக்காளுக்கு அறுபது. சாயாக்கடை பிச்சைமணியும் நீட்டினார். காலையிலிருந்து சாயந்தரம் வரை கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனிதர். எண்பத்தெட்டு.

"அப்ப எல்லாருக்கும் மேல நாந்தானா?" என்று அவருக்கு ஒரே பெருமை.

மாரித்தாய் சிரித்தாள். "மச்சானுக்கு எம்பத்தெட்டு. நாலு எட்டு வச்சா நாக்கு வெளிய வந்துருது. அதையும் கணக்குல சேத்து எழுதிக்க சுருளி."

எல்லோரும் சிரித்தார்கள். சுருளி சிரிக்கவில்லை. அழுகை மட்டும் நின்றிருந்தது. காகிதத்தில் எண்களைக் கீழே கீழே எழுதிப் பார்த்தாள். மேடு ஏறுகிறவர்களுக்குக் குறைவு, உட்கார்ந்திருக்கிறவருக்கு அதிகம். அப்படியானால் விழுந்ததா இது, இல்லை குறைந்த துடிப்பிலேயே வேலை முடிகிறதா? தவளைக்கு ஐஸ் விட்டார்கள். இங்கே யாருக்கும் யாரும் ஐஸ் விடவில்லையே. புத்திக்கு இது சரியாகப் பட்டது. வயிறு மட்டும் நம்பவில்லை. வயிற்றுக்கு எழுத்துக் கணக்கு தெரியாது.

"ஆத்தா, டாக்டரம்மா நம்பலேன்னா?"

"நம்புறா, நம்பாமப் போறா. நீ போயிப் படு. ஓடாமப் படு. எண்ணுறவ எண்ணட்டும்."

பரிசோதனை நாளில் சுருளி லயத்து எண்கள் எழுதின காகிதத்தை மடித்துக் கையில் வைத்திருந்தாள். வரிசையில் நிற்கும்போது மாடிப்படி பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனாள், பெஞ்சில் படுத்தாள். பயத்தில் கொஞ்சமாவது ஏறியிருக்காதா என்று ஒரு ஆசை. கால் மணி நேரம் ஆனதும் டாக்டரம்மா எண்ணினார். தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"நாற்பத்தெட்டு," என்றார்.

ஆறுச்சாமி மாஸ்டர் நோட்டைப் புரட்டினார். "இருக்காதுங்க. ஏழு வாரமும் எழுபது, எழுபத்திரண்டுதான் எழுதியிருக்குது. இன்னிக்கு என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குது."

மாஸ்டரே ஒரு வழி காட்டிவிட்டார். இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேறொரு நாள் வரச்சொல்லுவார்கள். அந்தச் சொல் சுருளியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல சார். எனக்கு எப்பவும் நாப்பத்தாறுதேன். மொத வாரம் பொய்யா எழுதச் சொன்னேன். மத்த ஆறு வாரமும் மாடிப்படி."

"என்ன மாடிப்படி?"

"ஓடி ஏத்திக்கிட்டு வந்து ஒக்காந்தேன்."

டாக்டரம்மா குழலை வைத்து நெஞ்சைக் கேட்டார். முன்னால் கேட்டார், முதுகில் கேட்டார். "நெஞ்சு வேதன உண்டோ? தல சுத்தி விழுந்திட்டுண்டோ?" இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். பெஞ்சின்மேல் ஏறி இறங்கச் சொன்னார். முப்பது தரம் ஏறி இறங்கி வந்து உட்கார்ந்தாள். எண்ணினார், ஒரு நிமிஷம் விட்டு மறுபடி எண்ணினார், இன்னொரு நிமிஷம் விட்டும் எண்ணினார். ஒவ்வொரு தரமும் எண் சரசரவென்று இறங்கிக்கொண்டே வந்தது.

"ஒரு அசுகமும் இல்லா," என்று மாஸ்டரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "இந்தக் குட்டி ஓடட்டே."

மாஸ்டர் நோட்டைத் திறந்து ஏழு வாரத்துக்கும் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார். "நெஞ்சு நல்லாருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. நோட்டு நல்லால்ல. ஏழுக்கும் முட்டை. எழுதுனவளுக்கும் முட்டை. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வந்து மொதல்ல இருந்து எண்ணுங்க. படிப்பக்கம் உன்னையப் பாத்தன்னா அப்பறம் இருக்குது."

நாச்சம்மாள் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள சொன்னாங்க?"

"இருக்கச் சொல்லிட்டாக."

"பொறவென்ன அழுகை?"

"ஒனக்கும் முட்டை போட்டுட்டாக, நாச்சி."

நாச்சம்மாள் கடித்த நகத்தைத் துப்பினாள்.

"முட்டைதான?" என்றாள். "ஏழு வாரம் உன்ற கையப் புடிச்சுக்கிட்டு, இது செத்துக்கித்துப் போயிருமோன்னு நானல்லோ சோறு திங்காமக் கெடந்தேன். மொதல்ல என்ற கடியாரத்தக் குடு."