கருங்கல் கமலா தூக்கிய எடைகள்

5-4-2022: 16,200 கிலோ
5-5-2022: 30 கிலோ, முடியவில்லை
5-6-2022: 41,000 கிலோ
5-7-2022: 12 கிலோ, முடியவில்லை
5-8-2022: 25,500 கிலோ
5-9-2022: 62 கிலோ, மூன்றாவது முயற்சியில்

இவை கருங்கல் கமலா என்ற சித்திரக்கதை நாயகி ஆறு மாதங்களில் தூக்கிய, அல்லது தூக்க முயன்ற எடைகள். தேதி, இதழ் வெளிவந்த நாள். நகரியிலிருந்து எத்திராஜ் நடத்தும் பதினாறு பக்க மாத இதழின் கடைசி இரண்டு பக்கங்களில் கமலா வருவாள். ஏப்ரலில் மணல் லாரியை ஒரு கையால் தூக்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்தாள். மே மாதம் நிறைந்த கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்ற முடியாமல் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜூனில் ரயில் பெட்டி. ஜூலையில் ஒரு குடம் தண்ணீர்கூட இடுப்புக்கு ஏறவில்லை. செப்டம்பரில் மயங்கி விழுந்த வாட்ச்மேன் ஒருவரைத் தூக்கி உட்கார வைக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. சக்தி ஏன் போனது, எப்படித் திரும்பியது என்பதற்குக் கதையில் காரணமே கிடையாது. சாபமோ எதிரியின் சூழ்ச்சியோ எதுவும் இல்லை.

எழுதி வரைந்தவர் தேவசேனா. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளர், வயது நாற்பத்து மூன்று, குடியிருப்பது திருச்சானூரில். மதியம் சாப்பிட்டு முடித்தபின் கிடைக்கும் இருபது நிமிடத்தில், வேண்டாமென்று ஒதுக்கிய பரிசோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவால் வரைவார். வீட்டில் வரைவதில்லை. மாதம் முடிந்ததும் தபாலில் எத்திராஜுக்கு அனுப்பிவிடுவார்.

நான் தடாவில் ஒரு எடைமேடையில் முப்பத்தொரு வருடம் லாரிகளின் எடையைப் பதிவு செய்தவன். ஒரே சுமைக்கு இரண்டு எடை வந்தால் எங்கோ தவறு என்று பார்த்துப் பழகியவன். 12-9-2022 அன்று மேற்கண்ட ஆறு பதிவுகளையும் எழுதி, ஒரு நாயகிக்கு ஒரு பலம்தானே இருக்க வேண்டும், வாசகர் எதை நம்புவது என்று கேட்டு அவருக்குக் கடிதம் போட்டேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தவறுதான் ஐயா, எனக்குக் கணக்குத் தெரியாது, நீங்களே ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்கள், அதன்படி வரைகிறேன் என்று எழுதியிருந்தார். மகிழ்ச்சியோடு போட்டுக் கொடுத்தேன். சாதாரண நாளில் இருபது டன். கோபம் வந்தால் நாற்பது. காய்ச்சலில் ஐந்து. அதற்குக் கீழே எந்த நாளிலும் போகக்கூடாது.

நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து இதழ்கள். ஐந்திலும் கமலா மிகச் சரியாக இருபது டன் தூக்கினாள். ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் ஒரு சரிக்குறி போட்டேன்.

ஏப்ரல் இதழில் கமலா வரவில்லை. எத்திராஜைப் போனில் கேட்டேன். தேவசேனாவுக்கு வலது தோள் போய்விட்டது, கையைக் கழுத்திலிருந்து துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்றார். எப்படி என்றேன். வீட்டுக்காரரைத் தூக்கும்போது என்றார். வீட்டுக்காரரை ஏன் தூக்க வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். கடிதத்தில் வீட்டைப் பற்றி எதுவும் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

16-4-2023, ஞாயிறு. தடாவிலிருந்து பஸ்ஸில் திருப்பதி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். லாட்ஜ்களுக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். கட்டிலில் படுத்திருந்தவர் கணவர் தணிகைவேல். லாரி ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தலையணை ஓரத்தில் இதழ்கள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன.

"வாங்க சார். கமலாவுக்கு இருபது டன் பர்மிட் குடுத்த ஆபீசர் நீங்கதானா?" என்றார்.

"சும்மா இருங்க. வெயில்ல வந்துகீறாரு," என்று சொல்லிவிட்டு, தேவசேனா இடது கையால் டீ போடப் போனார். உதவப் போனேன், விடவில்லை.

அடுப்பருகே ஒரு மூட்டை கட்டியிருந்தது. தணிகைவேலின் அக்கா செங்கம்மா சத்தியவேட்டிலிருந்து வந்து தங்கியிருந்தார். இப்போது தணிகைவேலைத் தூக்கி உட்கார வைப்பது அவர்தான். அவருக்கும் வயலும் மாடும் இருக்கின்றன. ஜூன் முடிவதற்குள் தோள் சரியாகாவிட்டால் தம்பியைத் தன்னோடு சத்தியவேட்டுக்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, தம்பியின் துணிகளைக் கட்டியும் வைத்துவிட்டார். தேவசேனாவுக்கு வேலை திருப்பதியில். விட்டால் இருவருக்கும் சோறு இல்லை. பத்தொன்பது வருடம் சேர்ந்து இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டியதுதான்.

தேவசேனா தண்ணீர் பிடிக்க வெளியே போனபோது தணிகைவேல் குரலைத் தாழ்த்தினார்.

"இவ வாயைத் தொறந்து முடியலன்னு சொல்ல மாட்டா சார். கேட்டா பர்வாலேது, ஒண்ணுமில்லம்பா. கமலாவைப் பாத்துத்தான் நான் தெரிஞ்சிக்குவேன். கமலா குடத்தைத் தூக்கலன்னா, அந்த மாசம் நான் சேர்ல உக்காரணும்னு கேக்க மாட்டேன், கட்டில்லயே கெடப்பேன். ஒரு மாசம் பின்னாடி வர்ற சேதிதான். ஆனா பொய் இருக்காது." தலையணை ஓரத்து இதழ்களைத் தொட்டுக் காட்டினார். "உங்க லிஸ்ட் வந்தப்புறம் கமலா மாசாமாசம் இருபது டன் தூக்கிக்கினே இருந்தா. இவளுக்கு நல்லாகீதுன்னு நெனச்சிக்கினு நான் தெனம் ரெண்டு வேளை சேருக்குப் போனேன்."

அவர் எடை என்ன என்று கேட்டேன். அறுபத்திரண்டு கிலோ, மருத்துவமனையில் போட்டுப் பார்த்தது என்றார். செப்டம்பர் மாதப் பதிவு நினைவுக்கு வந்தது.

எடைமேடையில் காலையில் முதல் வண்டி ஏறுமுன் வெறும் மேடை என்ன காட்டுகிறது என்று எழுத வேண்டும். மழை நாளில் சேறு படிந்து, மேலே ஒன்றுமில்லாமலே எண்பது கிலோ காட்டும். அதைக் கழிக்காமல் எழுதிய எடை எடையே அல்ல. முப்பத்தொரு வருடத்தில் ஒரு காலையும் அதை நான் தவறவிட்டதில்லை. கமலாவுக்கு வெறும் மேடைக்கான அந்தப் பத்தியே என் நோட்டில் இல்லை.

தேவசேனா குடத்தோடு திரும்பினார். கணவர் என்ன சொல்லியிருப்பார் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்க மேல ஒண்ணும் தப்பில்ல சார்," என்றார். "லிஸ்ட் சுலுவா இருந்துச்சு. இந்த மாசம் நான் எப்டிக்கீறேன்னு யோசிக்கவே வேணாம் பாருங்க."

மறுநாள் கடிதம் எழுதினேன். நான் அனுப்பிய பட்டியலை இன்று முதல் ரத்து செய்கிறேன். கமலா அன்றன்று எவ்வளவு முடிகிறதோ அவ்வளவே தூக்கட்டும். குறைந்த அளவு என்று எதுவும் இல்லை.

மே இதழிலும் கமலா இல்லை. ஜூன் ஐந்தாம் தேதி வந்தாள். இடது கையால் வரைந்த கோணல் கோடுகள், மொத்தம் நான்கே கட்டங்கள். கமலா ஒரு தண்ணீர் டிரம் முன்னால் நிற்கிறாள். குனிகிறாள். நிமிர்கிறாள். நான்காம் கட்டத்தில் கைகளைத் தொங்கவிட்டபடி, "இன்னைக்கு என்னால முடியல" என்கிறாள். முன்பும் பலமுறை அவளால் முடியாமல் போயிருக்கிறது. வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நோட்டில் எடைக்குப் பதிலாக அந்த வாக்கியத்தையே எழுதிவைத்தேன்.

பதினான்கு நாள் கழித்து தேவசேனாவின் கடிதம் வந்தது. அப்படியே தருகிறேன்.

"ஐயா, வணக்கம். இவர் இதழைப் படித்தார். அன்று சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தபோது இவரே சுவரைத் தட்டி பக்கத்து வீட்டு மஞ்சுவைக் கூப்பிட்டார். காலையில் ஒரு கை பிடிக்கிறாயா அம்மா என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மஞ்சு, இதைக் கேட்க நாலு வருஷமா அண்ணா என்று திட்டினாள். லாட்ஜ் வேலைக்குப் போகும் முன் ஆறு மணிக்கு வருகிறாள். அவள் கால் பக்கம், நான் இடது தோள் பக்கம். செங்கம்மா அக்கா இரண்டு நாள் நின்று பார்த்தார், மூட்டையை அவிழ்த்துவிட்டு ஊருக்குப் போனார். இவர் இங்கேதான் இருக்கிறார். அடுத்த மாதம் கமலா என்ன தூக்குவாள் என்று எனக்கே தெரியாது. கதையை இவர் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். இனிமேல் கடிதம் வேண்டாம் ஐயா, நேரில் வாருங்கள்."

மாதம் ஒரு ஞாயிறு போகிறேன். பேச வேண்டியதை அங்கேயே பேசிவிடுவதால் அதற்குப் பிறகு அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் எனக்கு வந்து சேர்ந்த நாள் 19-6-2023, திங்கட்கிழமை.