லாபம் என்று எண்ணத் தொடங்கியவள்

உங்கள் அக்காளுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால்தான் ஒரு வருஷம் பின்தங்கிப் போனாள் என்று நம் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. போன வாரம் அவள் வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தபோது உங்களில் சின்னவன் அவளை "மக்கு அக்கா" என்றான். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். அது பொய். வாயால் சொல்ல இன்றைக்கும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்போது நாம் ஆம்பூரில் இருந்தோம். தோல் ஷாப்பில் எனக்கு, பதனிட்ட ஆட்டுத்தோல்களை ரகம் பிரித்து எண்ணிக் கட்டுகிற வேலை. எண்ணும்போது முதல் தோலை "ஒன்று" என்று சொல்லமாட்டோம். "லாபம்" என்போம். பிறகுதான் ரெண்டு, மூணு. நெல் அளக்கிறவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள். நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று. நான் அதை ராகம் போட்டு இழுப்பேன். ஒரு தோல் இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் சொல் நீளும். மத்தியானம் கூழ் கொண்டுவரும் உங்கள் அக்காள் அதைக் கேட்டுக்கொண்டே நிற்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே அவளுக்கு எண்ணத் தெரிந்தது அப்படித்தான்.

மூன்றாம் வகுப்பில் அவள் இருக்கும்போது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். மேஜையில் புளியங்கொட்டைகளைக் கொட்டி, எண்ணச் சொன்னாராம். இவள் ஒவ்வொன்றாய் ஒதுக்கிக்கொண்டு, என் ராகத்திலேயே, "லா…பம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்திருக்கிறாள்.

"இது பள்ளிக்கூடமா, மண்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர். வகுப்பு மொத்தமும் சிரித்துவிட்டது. அவ்வளவுதான். அதன் பிறகு ஏழொன்பது எவ்வளவு என்று கேட்டதற்கும் பதில் இல்லை, ஊர்ப் பெயரைக் கேட்டதற்கும் பதில் இல்லை. கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாளாம்.

அன்று சாயங்காலம் வாத்தியார் என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, உம் பொண்ணு என் மானத்தையே வாங்கிட்டா. தோல் ஷாப்பு நாத்தம் மூளை வரைக்கும் ஏறிப்போச்சு போல. பேசாம வூட்டோட வெச்சுக்க, உம் பொண்டாட்டிக்கு ஒத்தாசையா இருக்கும்."

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். "ஆமாங்க வாத்தியாரே" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, "ஏழொம்போது இன்னா? சொல்லு" என்று கத்தினேன். என் விரலுக்கடியில் அவளுடைய நாடி துள்ளியது. எத்தனையோ தோலைத் தொட்ட கை இது. தடவிப் பார்த்தே எந்த இடம் மெலிசு, எந்த இடம் கெட்டி என்று சொல்லிவிடும். அந்தக் கைக்கு, ஒரு குழந்தை உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமலா போகும்? தெரிந்தது. தெரிந்தும் அடித்தேன்.

உங்கள் அம்மா குறுக்கே வந்தாள். "வூட்ல வாய் ஓயாத புள்ள அங்க போய் ஊமையாவுதுன்னா, அது மூளைக் குத்தமா?"

"நீ சும்மா இரு. இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லி, ஸ்லேட்டைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். அன்றோடு அவள் பள்ளிக்கூடம் நின்றது.

இரண்டு மாதம் கழித்து, மதராசிலிருந்து ஒரு துரை சரக்குப் பார்க்க வந்தார். முதலாளியும் மேஸ்திரியும் கூடவே நடந்தார்கள். துரை ஒரு தோலை உருவி எடுத்து, இதை ஏன் மூன்றாம் ரகத்தில் சேர்த்தாய் என்று கேட்டார். மேஸ்திரி தமிழில் சொன்னார். எனக்குப் பதில் தெரியும். முதுகோரம், உரித்தபோதே கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் கோடு தெரியும். தூக்கிக் காட்டினாலே போதும்.

முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் காது இரைந்தது. மூளை இருந்த இடம், தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவின தொட்டிபோல் காலியாக இருந்தது. தோல் கையில் இருக்கிறது. கை மேலே போகவில்லை. "வாயில இன்னா கொழக்கட்டையா?" என்றார் முதலாளி. என்னோடு வேலை செய்த பாய்தான் அந்தத் தோலை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் காட்டி என்னைக் காப்பாற்றினார்.

அவர்கள் போனபிறகு பாய் என் தோளில் தட்டினார். "இன்னா தோஸ்த், நாக்கையும் தோலோட சேத்து ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறப் போட்டுட்டியா?"

பாயோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் விரல் நுனியில் உங்கள் அக்காளின் மணிக்கட்டு மறுபடி துள்ளியது.

நான் நாலாவது வரை படித்தவன். நெஞ்சையும் மூளையையும் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். ஈரத்தோல் கட்டைக் கம்பில் மாட்டி இரண்டு பேர் தூக்கிப் போவார்கள். முன்னால் போகிறவன் மிரண்டு ஓடினால் பின்னால் வருகிறவனும் ஓடித்தான் ஆகவேண்டும். பின்னவன் தடுக்கினால் முன்னவனும் விழுவான். நெஞ்சும் மூளையும் அப்படித்தான் ஒரே கம்பைத் தூக்குகின்றன. நெஞ்சு தறிகெட்டு ஓடும்போது மூளையைப் பார்த்து "ஏழொன்பது சொல்லு" என்றால் அது எங்கிருந்து சொல்லும்? மூளையில் இல்லாததால் அல்ல. நின்று எடுக்க நேரமில்லாததால். இரண்டு பேரும் நம் அதட்டலுக்கு நிற்கமாட்டார்கள். மூச்சு மட்டும்தான் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். எண்ணிக்கை வேலையில் எனக்கு ஒருநாளும் படபடப்பு வந்ததில்லை. "லா…பம்" என்று இழுக்கும்போது மூச்சு மெதுவாக வெளியே போகிறது அல்லவா, அதனால்தான் என்று அப்புறம்தான் தோன்றியது.

மறுநாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். "உன்ன மறுபடி சேக்கச் சொல்லப் போறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டே போனேன். வாசல் வரை போனேன். உள்ளே வாத்தியாரின் குரல் கேட்டது. நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. காலியாகிவிட்ட மூளையில் "ஆமாங்க வாத்தியாரே" என்ற என் சொந்தக் குரல்தான் கேட்டது. திரும்பிவிட்டேன்.

தலைவாரிப் பின்னல் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தாள் உங்கள் அக்காள்.

"வாத்தியார் சேக்க மாட்டேன்ட்டார்" என்றேன்.

அவள் பின்னலை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அந்தப் பொய்யோடு அவளை நாலு மாதம் வீட்டில் வைத்திருந்தேன்.

ரம்ஜானுக்கு மறுநாள் பாய் தூக்குச் சட்டியில் சேமியாப் பாயசம் கொண்டுவந்தார். உங்கள் அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, உன் வூட்டுக்காரர் துரை முன்னாடி நின்ன கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். நான் கண்ணைக் காட்டினேன், அவர் நிறுத்தவில்லை. தோலைப் பிடித்தபடி வாயைத் திறந்து என்னைப்போல் நடித்துக் காட்டினார். "நான் இன்னா நெனச்சேன்? ஆளையும் சேத்து பாடம் பண்ணி நிக்க வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன்!" உங்கள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்காள் சிரிக்கவில்லை. பாய் போனபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கும் நெஞ்சு அடிச்சுக்கிச்சா நைனா?"

"ஆமாம்மா."

"காது இரைஞ்சுதா?"

"ஆமா."

"அப்போ நீ வாத்தியாரப் பாக்கவே இல்ல. வாசலோட திரும்பிட்ட. இல்ல?"

ஒன்பது வயசுக் குழந்தை. மக்கு என்று நான் ஊருக்குச் சொன்ன குழந்தை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய்ப் பரணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்லேட்டை எடுத்துக் கொடுத்தேன். தூசியைப் பாவாடையில் துடைத்தாள்.

மறுநாள் இருவருமாகப் போனோம். வாசலில் என் கால் நின்றது. "லாபம் சொல்லு நைனா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. மூச்சை இழுத்து, வாய்க்குள்ளேயே "லா…பம்" என்று நீட்டி விட்டேன். ரெண்டு. மூணு. நெஞ்சு அடங்கிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் கால் நகர்ந்தது.

"வாத்தியாரே, எம் பொண்ணு மக்கு இல்லீங்க. பயந்துட்டா. அந்த பயம் எங்கிட்டேர்ந்து வந்ததுங்க. அன்னிக்கு நீங்க சொன்னப்போ நான் சிரிச்சது தப்பு."

வாத்தியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இத்தச் சொல்ல ஆறு மாசமா? நான் எப்போ சேக்கமாட்டேன்னேன்?" என்றார். "வருஷமே முடியப்போவுது. ரெண்டாவதுல குந்தட்டும். பாக்கலாம்."

ஒரு பையன் எழுந்து, "டேய், லாபம் வந்துட்டா டோய்!" என்று கத்தினான். உங்கள் அக்காள் நின்றாள். அவள் தோள் ஒருமுறை மேலே ஏறி மெதுவாக இறங்கியதைப் பார்த்தேன். பிறகு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். ஐந்தாவது வரை படித்தாள். அந்தப் பட்டப்பெயரும் ஐந்தாவது வரை கூடவே போனது.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதட்டுமா என்று போன வாரம் அவளைக் கேட்டேன்.

"எழுது நைனா. வாசலோட திரும்பினதையும் விடாம எழுது" என்றாள்.

விடாமல் எழுதிவிட்டேன்.